மலைப் பள்ளியில் சீட் கிடைத்தாச்சு, அப்புறம்?

அருப்புக்கோட்டையிலிருந்து போய் ஊட்டிப் பக்கத்து விடுதிப் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்பில் சேர்ந்தவன் நான். பன்னிரண்டு முடிக்கும்வரை அங்கேதான். போன ஜூனில் அக்கா மகனை ஆறாம் வகுப்புக்கு அதே மலையில் வேறொரு பள்ளியில் விட்டுவந்தோம். சீட் கிடைத்த சந்தோஷத்தில் தெரு முழுக்க இனிப்பு கொடுத்துவிட்டு, "இனி என்ன, ஜூன்ல கொண்டு போய் விட வேண்டியதுதானே" என்றாள் அக்கா. எங்கள் அம்மாவும் அப்போது அப்படித்தான் சொன்னார். நடுவில் இரண்டு மாதம் கிடக்கிறது. அதைப் பற்றித்தான் இது.

முதலில் காகிதம். கட்டணம், திரும்பக் கிடைக்கும் வைப்புத்தொகை, கைச்செலவுக்கான பணம் எல்லாம் தனித்தனி ரசீது. மூன்றையும் ஒரே கோப்பில் வையுங்கள். எங்களை அலைய வைத்தது டிசி. சான்றிதழ் கைக்கு வந்துவிட்டது, ஆனால் பழைய பள்ளியில், மாணவர் விவரம் ஏற்றுகிற பள்ளிக் கல்வித்துறையின் எமிஸ் தளத்தில், பையனின் பெயரைப் பொதுத் தொகுப்புக்கு மாற்றவில்லை. அதை மாற்றினால்தான் புதுப் பள்ளி அவனைத் தன் பட்டியலில் எடுக்க முடியும். கோடை விடுமுறையில் அங்கே ஆளைப் பிடிப்பதற்குள் அத்தான் நாலு நடை நடந்தார். டிசி வாங்குகிற அன்றே "எமிஸ்ல விட்டுட்டீங்களா?" என்று கேட்டுவிடுங்கள்.

இரண்டாம் மொழி எது என்று படிவத்தில் ஒரு கட்டம் இருக்கும். யோசிக்காமல் டிக் அடிக்காதீர்கள். ஆறாம் வகுப்பில் மாற்றிக்கொள்ளலாம். ஒன்பதாம் வகுப்பில் வாரியத்தில் பதிவு ஆகிவிட்டால் மாற்றுவது பெரும்பாடு.

மருத்துவப் படிவம்தான் நான் அதிகம் சொல்ல நினைப்பது. வீசிங் இருந்தால் எழுதுங்கள். "எழுதினா சேர்க்க மாட்டாங்களோ" என்ற பயத்தில் மறைத்தவர்களை எனக்குத் தெரியும். குளிரிலும் ஈரத்திலும் ராத்திரி இரண்டு மணிக்கு இழுப்பு வரும்போது, இன்ஹேலர் பெட்டியின் எந்த மூலையில் இருக்கிறது என்று விடுதியில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற மேட்ரனுக்குத் தெரியாமல் போனால் கஷ்டம் பிள்ளைக்குத்தான். படுக்கையில் சிறுநீர் போகிற பழக்கமும் அப்படியே. பத்து பதினோரு வயதில்கூடச் சில பிள்ளைகளுக்கு இருக்கும். புது இடத்தில், குளிரில், விட்டுப்போனது திரும்பவும் வரும். படிவத்தில் எழுதக் கூச்சமாக இருந்தால் மேட்ரனிடம் தனியாகச் சொல்லுங்கள். நல்ல மேட்ரன் ராத்திரி ஒருமுறை எழுப்பிவிட்டு, காலையில் யாருக்கும் தெரியாமல் விரிப்பை மாற்றிவிடுவார்.

அடுத்து சாமான் பட்டியல். பள்ளி கொடுக்கிற பட்டியலை அப்படியே வாங்குங்கள், சாக்ஸை மட்டும் இரட்டிப்பாக்குங்கள். ஜூன், ஜூலையில் ஊட்டியில் தென்மேற்குப் பருவமழை. துவைத்த துணி மூன்று நாளானாலும் ஈரவாடையோடுதான் கிடக்கும். ஷூவை மே மாதமே வாங்கி வீட்டில் தினமும் ஒரு மணி நேரம் போட்டு நடக்கச் சொல்லுங்கள். வளருகிற பிள்ளை என்று இரண்டு சைஸ் பெரிதாக வாங்கினால் அந்த ஏற்ற இறக்கத்தில் முதல் வாரமே குதிகாலில் கொப்புளம். சீருடை ஸ்வெட்டர் பள்ளி சொல்கிற இடத்தில்தான் எடுக்க வேண்டும். உள்ளே போடுகிற சாதா ஸ்வெட்டரை, போகிற வழியில் தாவரவியல் பூங்கா பக்கத்துத் திபெத்தியர் கடைகளில் பார்த்துக்கொள்ளலாம். எங்கள் ஊர்க் கடையில் ஸ்வெட்டர் கேட்டால் கைக்குழந்தைக்கா என்பார்கள்.

ஒவ்வொரு துணியிலும் எண் போட வேண்டும். என் எண் 214. அம்மா சிவப்பு நூலில் தைத்துக் கொடுத்தார், ஐந்து வருடமும் அழியவில்லை. அக்கா பால்பாயின்ட் பேனாவில் எழுதினாள். தோபியிடம் போய்வந்த இரண்டாம் வாரம் மருமகன் வேறு யாருடைய பனியனையோ போட்டுக்கொண்டிருந்தான். சாக்ஸில் இரண்டு காலிலும் எண் வேண்டும், ஒன்றில் போட்டால் போதும் என்று நினைக்காதீர்கள்.

தேங்காய் எண்ணெயை வாய் அகன்ற டப்பாவில் கொடுங்கள். 24 டிகிரிக்குக் கீழே அது உறைய ஆரம்பிக்கும். ஊட்டியில் ஜூன் மாதப் பகலே 20 டிகிரியைச் சுற்றித்தான் இருக்கும். குறுகிய வாய் பாட்டிலில் கொண்டுபோன நான் குச்சியை விட்டுக் குடைந்துகொண்டிருந்தேன். ஷாம்பு பாட்டிலை இறுக்கி மூடி, தனிப் பையில் போடுங்கள். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். ஏற ஏறக் காற்றழுத்தம் குறைந்து சிப்ஸ் பாக்கெட் உப்பும், பாட்டில் கசியும். என் முதல் டிரங்குப் பெட்டியில் கணக்கு நோட்டெல்லாம் நுரை.

பெட்டியை நிரப்புவதில் மே மாதம் முழுக்கப் போய்விடும். கை பழகுவதுதான் விட்டுப்போகும். படுக்கையை விரித்து மடிப்பது, உள்ளாடையைத் தானே துவைப்பது, ஒரு வாளி வெந்நீரில் குளித்து முடிப்பது, பட்டன் தைப்பது, ஆறு மணிக்கு யாரும் எழுப்பாமல் எழுவது. கடைசி இருபது நாளாவது இவற்றை அவனே செய்யட்டும். நான் எட்டாம் வகுப்பு வரை டை கட்டத் தெரியாதவன்; முதல் வாரம் பக்கத்துக் கட்டில் பையன்தான் கட்டிவிட்டான்.

சேர்ந்ததும் ஒரு தேர்வு வைப்பார்கள், ஆங்கிலமும் கணக்கும். எந்தப் பிரிவில் உட்கார வைப்பது என்று பார்ப்பதற்கு அது, சீட் போகாது. அதற்காக மே முழுக்க டியூஷன் வைத்தது வீண் செலவு என்று அக்காவே இப்போது சொல்கிறாள்.

பயணத்துக்கு: 2024 மே முதல் நீலகிரிக்குள் வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ், அதாவது இணையத்தில் எடுக்கிற அனுமதிச் சீட்டு, உண்டு. 2025இல் ஏப்ரல் முதல் ஜூன் வரை ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்று எண்ணிக்கையும் வைத்தார்கள். பள்ளி திறப்பு அந்த நாட்களில்தான் வரும், தேதி தெரிந்த உடனே பதிவு செய்யுங்கள். அரசுப் பேருந்தில் போனால் அந்தக் கவலை இல்லை. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் நீலகிரியில் கூடாது, எவர்சில்வர் பாட்டில் எடுங்கள். மேட்டுப்பாளையத்தில் பையனுக்கு வயிறு முட்ட ஊட்டாதீர்கள். கல்லாறு தாண்டியதும் வளைவுகள் ஆரம்பித்துவிடும், ஏன் சொல்கிறேன் என்று அங்கே தெரியும்.

விட்டுவிட்டு மதியமே கிளம்பிவிடுங்கள். என் அப்பா மனசு கேட்காமல் அன்று ராத்திரி லாட்ஜில் தங்கி, மறுநாள் காலை "ஒரு தடவை முகத்தைப் பாத்துட்டுப் போறேன்" என்று பள்ளி கேட்டுக்கு வந்தார். முதல் நாள் அழாத நான் அன்றுதான் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

வகுப்பு உடனே தொடங்காது. புதுப் பிள்ளைகளை இரண்டு மூன்று நாள் முன்னதாகவே வரச் சொல்வார்கள். எடை, உயரம் பார்ப்பார்கள். ஹவுஸ் என்று அணி பிரிப்பார்கள். புத்தகம் கொடுப்பார்கள், பிளேசருக்கு அளவெடுப்பார்கள். இதெல்லாம் ஒரு நாளைக்கு இரண்டு மணி நேர வேலை. மீதி நேரம் வெறும் நேரம். அதிலும் சாயங்காலம் நாலு மணிக்கு மழை பிடித்துக்கொண்டால் மைதானமும் கிடையாது. மூடுபனி ஜன்னல்வரை வந்து நிற்கும். வீட்டு ஏக்கம் கனமாக இறங்குவது அப்போதுதான். பாடம் ஆரம்பித்து, மணிக்கு மணி ஓட ஆரம்பித்ததும் பெரும்பாலும் தானாகக் குறைந்துவிடும். அந்த நாட்களுக்கென்று கையில் ஏதாவது கொடுத்து அனுப்புங்கள்: செஸ் அட்டை, படம் வரைகிற நோட்டு, விலாசம் எழுதிய தபால் உறைகள். நான் டார்மிட்டரியில் எல்லாருடைய பெயரையும் ஊரையும் எழுதி வைத்தேன். அதைச் சாக்காக வைத்துத்தான் பலரிடம் முதலில் பேசினேன்.

பிறகு விடுமுறைக்குப் போன பழைய மாணவர்கள் வந்து இறங்குவார்கள். இது இரண்டாவது அதிர்ச்சி. அதுவரை அமைதியாக இருந்த இடம் சந்தைக்கடை ஆகும். சில சமயம் கட்டில்கூட மாறும். பழகிய பக்கத்துக் கட்டில்காரன் வேறு அறைக்குப் போய்விட்டான் என்று மருமகன் அன்று சாப்பிடவே இல்லையாம். முன்னாலேயே சொல்லி வைத்திருந்தால் கொஞ்சம் தாங்கியிருப்பான். அதை மறந்தது என் தப்பு.

போன் வாரம் ஒருமுறை, பத்து நிமிஷம். முதல் போனில் அழுவான். வைத்ததும் விளையாடப் போய்விடுவான், நீங்கள்தான் இங்கே சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பீர்கள். "பிடிக்கலைன்னா கூட்டிட்டு வந்துடறோம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். என் அம்மா ஆறுதலுக்குச் சொன்னதை நம்பி, நான் இரண்டு வாரம் டிரங்குப் பெட்டியைப் பிரிக்காமல் கட்டிலுக்குக் கீழே வைத்திருந்தேன்.

முதல் விசிட்டுக்குப் போகும்போது நகவெட்டி, இன்னும் நாலு ஜோடி சாக்ஸ், எண் தைக்கச் சிவப்பு நூல் எடுத்துப் போங்கள். முறுக்கு சுட்டால் உங்கள் பிள்ளைக்கு மட்டும் கணக்குப் போடாதீர்கள். டார்மிட்டரியில் பன்னிரண்டு பேர் இருந்தால், பன்னிரண்டு பேருக்கும் சேர்த்துச் சுடுங்கள்.