கத்தார் போன கதை: கவுன்டரில் மறித்தார்கள்

2022 கால்பந்து உலகக் கோப்பைக்குக் கத்தார் போனவர்களுக்கு, ரசிகர்களுக்கென்று கொடுத்த ஹய்யா கார்டைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. அப்போது அது இல்லையென்றால் நாட்டுக்குள்ளும் விட மாட்டார்கள், ஸ்டேடியத்துக்குள்ளும் விட மாட்டார்கள். விசாவும் அதுதான். சென்னையில் எங்கள் விமானத்தின் செக்-இன் கவுன்டரில் இருந்தவருக்கு மட்டும் அது தெரியவில்லை.

போனில் கார்டைக் காட்டினேன். "இது ஐடி கார்டு சார், விசா எங்க?" என்றார். கார்டு அப்ரூவ் ஆனதும் மெயிலில் தனியாக என்ட்ரி பெர்மிட் வந்திருந்தது. அதைத் திறந்து காட்டினேன். "பிரின்ட் அவுட் இல்லாம முடியாது, ஓரமா நில்லுங்க." பின்னால் வந்தவர்களெல்லாம் போர்டிங் பாஸ் வாங்கிக்கொண்டு போகிறார்கள், நாங்கள் பெட்டியோடு நிற்கிறோம். கடைசியில் மேலதிகாரி ஒரு அம்மா வந்து, பெர்மிட்டில் இருந்த பாஸ்போர்ட் நம்பரை ஒருமுறை சரிபார்த்துவிட்டு, "இதுதாம்பா விசா, போட்டுக் குடு" என்றார். ஒரு நிமிட வேலை! இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது. எந்த நாட்டுக்குப் போனாலும் பெர்மிட்டை இரண்டு பிரதி எடுத்துக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள்.

தங்கியது தோஹாவில் நண்பன் வீட்டில். அவனே ஹய்யா தளத்தில் வீட்டைப் பதிவு செய்து எங்கள் பெயரைச் சேர்த்துவிட்டான்.

லுசைல் ஸ்டேடியத்தில் அர்ஜென்டினா–மெக்சிகோ, இரவு 10 மணி ஆட்டம். டிக்கெட் போனில் மட்டும்தான், அதனால் பவர் பேங்க் இல்லாமல் கிளம்பாதீர்கள். டிக்கெட் திறக்க ப்ளூடூத்தையும் ஆன் செய்து வையுங்கள். 64-வது நிமிடம் மெஸ்ஸி தூரத்திலிருந்து தரையோடு அடித்த அந்தப் பந்து வலைக்குள் போனபோது, கவுன்டர், வரிசை எல்லாம் மறந்தே போச்சு. பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத மனிதர் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்.

திரும்பும்போதுதான் அடுத்த சோதனை. மெட்ரோ ஸ்டேஷன் கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் தடுப்பு கட்டி வளைத்து வளைத்து நடக்கவிடுகிறார்கள். கிட்டத்தட்ட 89,000 பேர் ஒரே நேரத்தில் வெளியே வந்தால் வேறு வழியில்லைதான். உயரமான நாற்காலியில் உட்கார்ந்து, பெரிய ஸ்பாஞ்ச் கையால் "மெட்ரோ இந்தப் பக்கம்" என்று வழிகாட்டிய பையன்களைப் பார்த்தால் பாவமாக இருந்தது. குழந்தையோடு போகிறவர்கள் கூட்டம் கரையும்வரை சீட்டிலேயே இருங்கள். ஆட்ட நாட்களில் மெட்ரோ அதிகாலை 3 மணி வரை ஓடியது, ஹய்யா இருந்தால் இலவசம்.

2026 உலகக் கோப்பையில் இந்த ஒரே கார்டு வசதி இல்லை. அமெரிக்கா, கனடா, மெக்சிகோ என்று மூன்று நாடு, 16 ஊர். எல்லை தாண்டினால் அந்தந்த நாட்டு விதி. ஆட்ட டிக்கெட் கையில் இருப்பதால் விசா கிடைத்துவிடாது. விசா அப்பாயின்ட்மென்ட் எப்போது கிடைக்கிறது என்று பார்த்துவிட்டு, அப்புறம் விமானத்துக்குப் பணம் கட்டுங்கள்.