ஊர் திரும்பும் வழியில் நெல்

நவம்பர் 17, புனோம் பென், கம்போடியா

படகுப் போட்டி முடிந்து, வெளியூர்க் கூட்டம் மூட்டை முடிச்சுகளோடு பேருந்துகளில் ஏறிக்கொண்டிருக்கிறது. மழைக்காலத்தில் மேக்கோங் ஆற்றின் வெள்ளம் தள்ளுவதால் தொன்லே சாப் ஆறு பின்னோக்கி ஓடி, வடமேற்கே உள்ள பெரிய ஏரியை நிரப்புகிறது. வறண்ட காலத்தில் ஏறத்தாழ 2,500 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஏரி, அப்போது 15,000 வரை விரிகிறது. மழை ஓய்ந்ததும் ஆறு மறுபடி திசை மாறி மேக்கோங்கை நோக்கி ஓடும். அந்தத் திருப்பத்தைக் கொண்டாடும் விழா இது. பொதிகையில் பிறந்து கிழக்கே மட்டும் ஓடும் தாமிரபரணிக் கரையில் வளர்ந்த எனக்கு, கரையில் நின்று அந்த நீரைப் பார்த்துத் தீரவில்லை.

இங்கிருந்தே விமானம் ஏறினால் ஓரிரு நாளில் வீடு. மனம் ஒப்பவில்லை. எல்லைகளை நடந்து கடந்து, சோற்றின் பதமும் குழம்பின் நிறமும் ஊருக்கு ஊர் கொஞ்சம் கொஞ்சமாக மாறுவதைப் பார்த்தபடி வந்த பயணத்தை ஒரே இரவில் அறுத்துவிடக் கூடாது என்று தோன்றுகிறது. மலேசியா வரை தரைவழியாகவே போகிறேன்.

நவம்பர் 18, பட்டம்பாங்

இங்கே அறுவடை. சாலையோரத்தில் நீலத் தார்ப்பாய் விரித்து நெல் காயப்போட்டிருந்தார்கள். வயதான அம்மாள் ஒருவர் இரு பாதங்களையும் நெல்லுக்குள் இழுத்து இழுத்து நடந்தார். அவர் போன வழியெல்லாம் சால் சாலாகக் கோடு விழுந்தது. தார்ப்பாயின் ஓரம் வந்ததும் திரும்பி, முந்தைய சாலின் மேல் மிதிக்காமல் அடுத்த சால் போடத் தொடங்கினார். எங்கள் ஆச்சி களத்தில் நெல் கிண்டுவதும் அச்சு அசலாக இப்படித்தான். அனுமதி கேட்டுப் படம் எடுத்துக்கொண்டேன்.

நவம்பர் 21, பாடாங் பெசார்

பாங்காக்கிலிருந்து இரவு முழுவதும் ரயில். தாய்லாந்து, மலேசியா இரு நாடுகளின் குடியேற்ற அலுவலகங்களும் இந்த ஒரே நிலையத்தில் இருக்கின்றன. ஒரு முத்திரைக்கும் அடுத்த முத்திரைக்கும் இடையே சில அடி தூரம்தான், ஆனால் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ள வேண்டும்.

நவம்பர் 22, மெர்போக்

கெடா மாநிலம் முழுக்க வயல். பட்டம்பாங்கில் பழுத்துச் சாய்ந்திருந்த நெல், இங்கே இன்னும் பச்சையாக நிற்கிறது. ஜெராய் மலையடிவாரத்தில், 1936–37இல் தொல்லியலாளர் குவாரிச் வேல்ஸ் அகழ்ந்தெடுத்த புக்கிட் பத்து பகாட் கோயிலின் கல் தளத்தில் மாலை வரை உட்கார்ந்திருந்தேன். 1025இல் முதலாம் இராசேந்திரனின் படை வந்த கடாரம் இந்தப் பகுதிதான் என்று பலரும் கொள்கிறார்கள். படையெடுப்பைப் பற்றிப் பெருமையாகப் பேசுவதைக் கேட்டே வளர்ந்திருக்கிறோம். எனக்கு இன்று அதைவிட, இத்தனை வயல்களுக்கு நடுவே வந்து இறங்கிய வணிகர்களும் கல் தச்சர்களும் எந்த அரிசியை உண்டிருப்பார்கள் என்பதுதான் பெரிதாகப் பட்டது.

நவம்பர் 25, சென்னை – திருநெல்வேலி

கோலாலம்பூரிலிருந்து நான்கு மணி நேரத்தில் விமானம் கடலைக் கடந்துவிட்டது. அதை ஈடுகட்டுவதற்காகவே எழும்பூரில் பகல் வண்டி ஏறினேன். இரவு வண்டியில் படுத்தால் கண் விழிக்கும்போது ஊர் வந்துவிடும். பயணத்தின் கடைசிப் பகுதி தூக்கத்தில் போய்விடும். நெடும்பயணம் கிளம்புகிறவர்கள் போவதற்குத் திட்டமிடும் அக்கறையில் பாதியையாவது திரும்புவதற்கும் காட்ட வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன். முடிவுக்கும் ஒரு தொலைவு தேவைப்படுகிறது.

கொள்ளிடத்துக்கு முன்னும் பின்னும் சம்பாப் பயிர் இளம்பச்சையாக இருந்தது. அறுத்த தாள், கதிர் வாங்கும் பயிர், இப்போது தூர் கட்டும் பயிர் என்று, வீட்டை நெருங்க நெருங்க நெல்லுக்கு வயது குறைந்துகொண்டே வருகிறது. காலத்தைப் பின்னோக்கிக் கடந்து வந்ததைப் போன்ற அந்த உணர்வில் மதுரை வரை சன்னலை விட்டு நகரவில்லை. விருதுநகருக்குப் பிறகு கரிசல் காடு இருட்டுக்குள் போய்விட்டது.

நவம்பர் 27, கல்லிடைக்குறிச்சி

இங்கே பிசானப் பருவ நெல் நடவு. கன்னடியன் கால்வாயில் தண்ணீர் நிறைந்து ஓடுகிறது. தொளி அடித்துச் சேறாக்கிய வயல்களில் கொக்குகள் இறங்கியிருக்கின்றன. சித்தப்பாவின் நாற்றங்காலில் அம்பை 16 ரக நெல் நாற்று விரல் நீளத்தைத் தாண்டி நிற்கிறது.

இரண்டு நாளாக வருகிறவர்கள் எல்லோரும் எந்தெந்தக் கோயில், எவ்வளவு செலவு என்றே கேட்டார்கள். ஆச்சி மட்டும் கைப்பேசியில் இருந்த பட்டம்பாங் அம்மாளை வெகு நேரம் பார்த்தாள்.

"இன்னும் ரெண்டு வெயிலு காயணும். எய்யா, அங்க உள்ளவுகளும் கையாலதான் நடுதாகளா?"

அங்கே பெரும்பாலும் விதைப்புதான், நடவு குறைந்துவிட்டது, அறுப்பும் எந்திரத்தில்தான் என்றேன்.

"வெதச்சா களை மண்டுமே. அத என்ன செய்தாக?"

மருந்து அடிக்கிறார்கள் என்றேன். பேச்சு அங்கிருந்து மருந்து விலைக்கும் ஆள் கூலிக்கும் போய், சித்தப்பாவும் சேர்ந்துகொண்டார். நாளை மேல வயலில் நடவு. நாற்று முடி சுமக்க ஆள் குறைகிறதாம்; காலை ஆறு மணிக்கு என்னை வரச் சொல்லியிருக்கிறார்.