தளிர் எந்தச் செல்லிலிருந்து வந்தது?

செடியின் சிறு துண்டிலிருந்து ஆய்வகத்தில் முழுச்செடியை வளர்த்தெடுக்கும் திசு வளர்ப்பின் அடிப்படை விதிகளுள் பல புகையிலையைக் கொண்டு வகுக்கப்பட்டவை. ஆக்சின், சைட்டோகைனின் என்னும் வளர்ச்சி ஊக்கிகளுள் முன்னது மிகுந்தால் வேரும் பின்னது மிகுந்தால் தளிரும் தோன்றும் என்று ஸ்கூக், மில்லர் ஆகியோர் 1957இல் காட்டியதும், இன்றும் நாம் கலக்கும் முரஷிகே–ஸ்கூக் ஊடகம் என்னும் சத்துக் கலவை 1962இல் வெளிவந்ததும் புகையிலைத் திசுவை வைத்துத்தான். பயறு வகைகள் அவ்விதிகளுக்கு எளிதில் பணிவதில்லை. கொண்டைக்கடலை, துவரை, உளுந்து ஆகியவற்றின் இலைத்துண்டு பெரும்பாலும் காலஸ் என்னும் உருவமற்ற செல்கட்டியாகத் திரண்டு, பழுப்பேறி, அத்தோடு நின்றுவிடுகிறது.

ஆகவே விதையிலை தண்டோடு சேரும் இடமான விதையிலைக் கணுவை நாடுகிறோம். முளைத்த நாற்றிலிருந்து அதை வெட்டியெடுத்து, பென்சைல் அடினின் என்னும் சைட்டோகைனின் சேர்த்த ஊடகத்தில் வைத்தால் தளிர்கள் கொத்தாக எழும். தொடக்க ஆண்டுகளில் அக்கொத்துகளை எண்ணியெண்ணி நான் மகிழ்ந்ததுண்டு. "இவை எந்தச் செல்லிலிருந்து வந்தன?" என்று என் வழிகாட்டி கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. திசுவை மென்சீவல்களாக அறுத்து நுண்ணோக்கியில் பார்த்த பிறகே, அவற்றுள் பல புதிதாகத் தோன்றியவை அல்ல, கணுவில் ஏற்கெனவே உறங்கிக்கிடந்த மொட்டுகள் விழித்தெழுந்தவை என்பது விளங்கிற்று.

நாற்றுகளைப் பெருக்குவது மட்டுமே நோக்கமெனில் இதில் குறையொன்றுமில்லை. புதிய மரபணுவைச் செலுத்திச் செடியை மேம்படுத்துவதற்கோ இதுவே பெருந்தடை. மரபணுவைச் சுமந்துசெல்லப் பயன்படும் அக்ரோபாக்டீரியம் என்னும் மண் பாக்டீரியம், வெட்டுப்பட்ட மேற்பரப்புச் செல்களுக்குள் மரபணுவை எளிதாகச் செலுத்துகிறது; ஆனால் தளிராக வளரும் ஆக்குத்திசுச் செல்களோ அதற்கு எட்டாத ஆழத்தில் இருக்கின்றன. மரபணுவை ஏற்கும் செல் தளிர் விடுவதில்லை, தளிர் விடும் செல் மரபணுவை ஏற்பதில்லை என்னும் இந்தப் பொருத்தமின்மைதான் பயறு வகைகளின் மெய்யான சிக்கல் என்று நான் கருதுகிறேன். பல செல்களிலிருந்து ஒருங்கே எழும் தளிரில் சில செல்கள் மட்டும் மாற்றம் பெற்றால் அது மாறிய செல்லும் மாறாத செல்லும் கலந்த செடியாகிவிடும். மகரந்தமும் சூல்முட்டையும் உருவாகும் செல்லடுக்கில் மரபணு இல்லையெனில், இலையில் அது தெரிந்தாலும் விதைக்குப் போய்ச் சேராது.

வேர்விடாத தளிர்களுக்கு வழியுண்டு: வேருள்ள நாற்றின் அடித்தண்டில் ஒட்டுக்கட்டிப் பிழைக்கவைக்கலாம். கொண்டைக்கடலையில் இது நன்றாகவே பயன்படுகிறது.

இத்தனை பாடு எதற்கு என்று கேட்போருக்கு நான் தட்டைப்பயற்றைச் சுட்டுவேன். காய்த்துளைப்பான் புழுவைத் தாங்கும் திறன் அதன் காட்டு உறவினமான விக்னா வெக்சிலாட்டாவில் இருந்தும், இரண்டும் ஒன்றோடொன்று கலந்து விதை தருவதில்லை. எனவே பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் பாக்டீரியத்திலிருந்து புழுவைக் கொல்லும் புரதத்துக்கான மரபணு செலுத்தப்பட்டுத் திசு வளர்ப்பின் வழியே செடிகள் உருவாக்கப்பட்டன. அவ்வாறு வந்த ரகத்துக்கு 2019இல் நைஜீரியா சாகுபடி அனுமதி அளித்தது.

இன்று எந்த ஆய்வறிக்கையைப் படித்தாலும், ஒரு துண்டுக்கு எத்தனை தளிர்கள் என்னும் எண்ணை நான் முதலில் பார்ப்பதில்லை. செலுத்திய மரபணு அடுத்த தலைமுறை விதைகளுக்குச் சென்று மரபு விதிப்படி பிரிந்து வந்ததா என்பதைக் காட்டும் அட்டவணையைத்தான் தேடுகிறேன்.