பயிலரங்குக்கு வருமுன் கணினியை ஆயத்தப்படுத்துங்கள்

இணைய மேம்பாட்டுப் பயிலரங்குக்கு வரும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நிறுவ வேண்டியவற்றை முந்தைய நாளே வீட்டில் நிறுவிவிடுங்கள். அரங்கில் எல்லோரும் ஒரே வைஃபையில் ஒரே நேரத்தில் பதிவிறக்கத் தொடங்கினால், காலை அமர்வு முழுவதும் அதிலேயே கரைந்துவிடும்.

நிரல் எழுதப் பயன்படும் விஷுவல் ஸ்டூடியோ கோட், நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட், உலாவியாகப் பயர்பாக்ஸ் அல்லது குரோம் ஆகியவற்றை நிறுவுவதில் சிக்கல் இராது. கவனம் தேவைப்படுவது, ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை உலாவிக்கு வெளியே இயக்கும் நோட் ஜேஎஸ்ஸுக்குத்தான். அதன் தளத்தில் நீண்டகால ஆதரவு கொண்ட எல்டிஎஸ் பதிப்பைத் தேர்ந்தெடுங்கள். நிறுவி முடித்தபின், ஏற்கெனவே திறந்திருக்கும் டெர்மினலை (கட்டளைகளை இடும் சாளரத்தை) மூடிப் புதிதாகத் திறந்தால்தான் மாற்றப்பட்ட பாத் அமைப்பை (நிரல்கள் இருக்கும் இடங்களின் பட்டியலை) அது படித்துக்கொள்ளும். விண்டோஸின் டெர்மினல்களில் ஒன்றான பவர்ஷெல்லில், நோட் ஜேஎஸ்ஸுடன் சேர்ந்து வரும் தொகுப்பு நிறுவியான என்பிஎம்மின் பதிப்பைக் கேட்டுக் கட்டளை இடும்போது, ஸ்கிரிப்டுகளை இயக்க அனுமதியில்லை என்று சிவப்பு எழுத்தில் செய்தி வந்தால், நிறுவல் தவறிவிட்டதாக எண்ணி எல்லாவற்றையும் நீக்கிவிடாதீர்கள். அது விண்டோஸின் பாதுகாப்பு ஏற்பாடு மட்டுமே என்பதால், அதே கட்டளையைக் கமாண்ட் பிராம்ப்ட் என்ற மற்றொரு டெர்மினலில் இட்டால் பதிப்பு எண் வந்துவிடும்.

கோப்புப் பெயர்களின் பின்னொட்டைக் காட்டும்படி ஃபைல் எக்ஸ்புளோரரில் மாற்றிக்கொள்ளுங்கள். விண்டோஸ் இயல்பாகவே அதை மறைத்துவிடுவதால், இண்டெக்ஸ் டாட் எச்டிஎம்எல் என்று கண்ணுக்குத் தெரியும் கோப்பின் முடிவில் டாட் டிஎக்ஸ்டி ஒளிந்திருக்கலாம். அப்போது பக்கம் உலாவியில் வெறும் எழுத்தாகவே தெரியும். புதியவர்கள் மனம் சோர்ந்துபோவது பெரும்பாலும் இத்தகைய இடங்களில்தான் என்பதாலேயே இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

பயிற்சிக் கோப்புறையை மைக்ரோசாஃப்டின் மேகச் சேமிப்பான ஒன்டிரைவுக்குள் வைக்க வேண்டாம். என்பிஎம் இறக்கும் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளை அது மேகத்துக்கு ஏற்றத் தொடங்கினால் கணினி திணறும். சார்ஜரையும் மறவாமல் எடுத்து வாருங்கள்.