டேஷ்போர்டைக் கழற்றும் முன் இரண்டு ஹோஸையும் தொட்டுப் பாருங்கள்

திருப்பூர், ஈரோடு, பல்லடம் பக்கம் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு வருஷத்தில் முக்கால்வாசி நாள் ஹீட்டர் தேவைப்படாது. மார்கழியில் ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவு ஏறி வால்பாறைக்குப் போகும்போதும், விடியற்காலையில் திம்பம் ஏறித் தாளவாடிப் பக்கம் திரும்பும்போதும்தான் அதன் அருமை தெரியும். உள்கண்ணாடி ஆவி படிந்து எதிரே வரும் பஸ் தெரியாதபோது அந்தச் சூடான காற்று சொகுசுக்காக இல்லை, உயிர்ப் பாதுகாப்புக்காக. இத்தனை மாதம் சும்மா கிடந்த ஹீட்டர் அன்றைக்குத்தான் வேலை செய்யாது. பட்டறையில் கேட்டால் உடனே வரும் பதில்: "ஹீட்டர் கோர் போச்சுங்க, டேஷ்போர்டைக் கழட்டோணும்."

அவசரப்படாதீர்கள். தார், பொலிரோ, ஜிப்சி என்று எந்த வண்டியாக இருந்தாலும் டேஷ்போர்டில் கை வைப்பதற்கு முன் போனட்டைத் திறந்து அரை மணி நேரம் சோதித்தால், கோர்தான் காரணமா இல்லையா என்று தெரிந்துவிடும். பாதி நேரம் காரணம் வேறு இடத்தில் இருக்கும்.

ஹீட்டர் கோர் என்பது டேஷ்போர்டுக்குள் உட்கார்ந்திருக்கும் ஒரு குட்டி ரேடியேட்டர். இன்ஜின் ஹெட்டிலிருந்து சூடான கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) ஒரு ஹோஸில் உள்ளே போய், இன்னொரு ஹோஸில் வாட்டர் பாடியின், அதாவது வாட்டர் பம்பின், உறிஞ்சும் பக்கத்துக்குத் திரும்புகிறது. புளோயர் காற்று இதன் இதழ்களுக்கு நடுவே புகுந்து சூடாகிறது. அந்த இரண்டு ஹோஸும் இன்ஜினுக்கும் உள்ளறைக்கும் நடுவில் உள்ள தகட்டைத் துளைத்துக்கொண்டு போகும். நம் சோதனை முழுக்க அங்கேதான்.

முதலில் இன்ஜின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து கூலன்ட் மட்டம் பாருங்கள். சூட்டில் மூடியைத் திறக்கவே கூடாது. பெரும்பாலான வண்டிகளில் கோர் உயரமான இடத்தில் இருப்பதால், அரை லிட்டர், ஒரு லிட்டர் குறைந்தாலே காற்று அங்கே போய்த் தங்கிவிடும். டேஷ்போர்டுக்குள் களக் களக் என்று சத்தம் கேட்டால் அது ஏர் லாக்.

மட்டம் சரியாக இருந்தால் வண்டியை ஸ்டார்ட் செய்து, டெம்பரேச்சர் முள் வழக்கமான இடத்துக்கு வரும்வரை ஓட்டுங்கள். டீசல் வண்டி வெறும் ஐடிலில் சூடேற ரொம்ப நேரம் எடுக்கும். அதனால் ரோட்டில் 10 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வருவது நல்லது. ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, புளோயரை நடு வேகத்தில் போட்டு, இரண்டு ஹோஸையும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் அளக்க வேண்டும். கறுப்பு ரப்பர் மேல் அளந்தால்தான் சரியான கணக்கு வரும். பளபளக்கும் உலோகக் குழாய் மேல் அடித்தால் உள்ளதைவிடக் குறைத்துக் காட்டும், அங்கே ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி அதன் மேல் அளக்கலாம். தெர்மாமீட்டர் இல்லையென்றால் கை போதும். ஃபேன் பெல்ட் பக்கம் சட்டைக் கை போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உள்ளே போகும் ஹோஸ் 80 டிகிரி சுமாருக்கும், திரும்பும் ஹோஸ் அதைவிட 10 டிகிரி போலக் குறைவாகவும் இருந்தால் கோரில் ஓட்டம் நன்றாக இருக்கிறது. அப்படியும் காற்று குளிராக வந்தால், காற்றைக் கோர் வழியாகத் திருப்பிவிடும் மடல் அசையவில்லை. கேபிள் கழன்றிருக்கும், அல்லது மடலை இழுக்கும் குட்டி மோட்டார் போயிருக்கும். இதற்குக் கோரை மாற்றினால் காசு தண்டம். இரண்டு ஹோஸுமே வெதுவெதுப்புக்கு மேல் ஏறாவிட்டால் தெர்மோஸ்டாட், அதாவது இன்ஜின் சூடேறிய பிறகே ரேடியேட்டருக்கு வழி திறக்கும் வால்வு, திறந்தபடி சிக்கியிருக்க வாய்ப்பு அதிகம். மலை இறங்கும்போது டெம்பரேச்சர் முள் அடிமட்டத்துக்கு வந்துவிடுவதும் அதன் அடையாளம்தான்.

ஒன்று கொதிக்கிறது, இன்னொன்று 40, 45 டிகிரியில் நிற்கிறது என்றால் அடைப்பு. அப்போதும் நேரே கோரைக் குற்றம் சொல்ல வேண்டாம். பழைய ஜிப்சி வகை வண்டிகளில் கோருக்குப் போகும் கூலன்டைத் திறந்து மூட, கேபிள் இழுக்கும் வாட்டர் காக் ஒன்று இருக்கும். வருஷக்கணக்கில் அசைக்காமல் விட்டால் மூடிய நிலையிலேயே இறுகிவிடும். கேபிளைக் கழற்றி, லீவரைக் கையால் முழுதாகத் திறந்து மறுபடி அளங்கள்.

அதற்கும் சூடு வரவில்லையென்றால் வண்டியை ஆறவிட்டு இரண்டு ஹோஸையும் கழற்ற வேண்டும். இங்கேதான் நல்ல கோர்கள் பல சாகின்றன. பழைய ஹோஸ் குழாயோடு ஒட்டியிருக்கும். பிளையரால் பிடித்து முறுக்கினால் குழாய் கோரோடு சேரும் இடத்தில் விரிசல் விடும். ஹோஸின் நுனியை நீளவாக்கில் பிளேடால் கீறி உரித்து எடுங்கள். ஹோஸ் போனால் ஒரு முழம் புதிதாக வாங்கிக்கொள்ளலாம். 16 மில்லிமீட்டர் அல்லது 19 மில்லிமீட்டர் உள்விட்டம்தான் பெரும்பாலும் வரும், அளந்து வாங்குங்கள்.

இப்போது திரும்பும் பக்கத்துக் குழாயில் தோட்டத்து ஹோஸை மெதுவாக வைத்துத் தண்ணீர் விடுங்கள். போகிற அளவு மறுபக்கம் வர வேண்டும். வருவதை வெள்ளை வாளியில் பிடித்தால் வியாதி தெரிந்துவிடும். பழுப்புச் சேறு என்றால் துரு. சோழி உடைந்த மாதிரி வெள்ளைச் செதில்கள் வந்தால் போர் தண்ணி. அவிநாசி, காங்கேயம், பல்லடம் பக்கத்து உப்புத் தண்ணியை ரேடியேட்டரில் ஊற்றிக்கொண்டே வந்தால், சூட்டில் அந்தச் சுண்ணாம்பு பிரிந்து, இருப்பதிலேயே குறுகலான குழாய்களில் படிகிறது. மஞ்சள் பசை வந்தால், ரேடியேட்டர் ஒழுக்கை அடைக்க யாரோ மஞ்சள் தூள் போட்டிருக்கிறார்கள். நடுவழியில் வீடு வந்து சேர அது உதவலாம். பிறகு சிஸ்டம் முழுக்கக் கழுவாமல் விட்டால் ஹீட்டர் கோர்தான் முதலில் அடைபடும். கடையில் விற்கும் ஸ்டாப் லீக் பொடியும் அதே கதைதான்.

சுண்ணாம்புப் படிவு என்றால் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) வேலை செய்யும். ஒரு லிட்டர் வெந்நீருக்கு 50 கிராம் கரைத்துக் கோரில் நிரப்பி, 20 நிமிடம் விட்டுக் கழுவுங்கள். தேவைப்பட்டால் இன்னொரு முறை. பாத்ரூம் கழுவும் ஆசிட் மட்டும் வேண்டவே வேண்டாம், அலுமினியத்தைத் தின்றுவிடும். கம்ப்ரஸர் காற்றை நேராக அடிப்பதும் கூடாது. ரேடியேட்டர் மூடியில் 0.9 அல்லது 1.1 பார் என்று பொறித்திருப்பார்கள், கோர் தாங்கவேண்டிய அளவே அவ்வளவுதான். கம்ப்ரஸர் டேங்கில் இருப்பது அதைப்போல் பல மடங்கு.

ஒழுக்கு வேறு விவகாரம். இடது கால் பக்கம் கார்பெட் ஈரம், உள்ளே தித்திப்பான வாசம், கண்ணாடியில் துடைத்தாலும் போகாத எண்ணெய்ப் படலம், இவை மூன்றும் சேர்ந்து வந்தால் கோர் ஒழுகுகிறது என்று ஏறத்தாழச் சொல்லிவிடலாம். ஈரம் மட்டும் இருந்தால் பொறுங்கள். காட்டுப் பாதையில் ஓடும் வண்டியில் ஏசி வடிகுழாய் வாய் சேற்றில் அடைபட்டு, தண்ணீர் உள்ளே திரும்பியிருக்கலாம். பள்ளம் இறங்கி ஏறியபோது கதவடியில் புகுந்த தண்ணீராகவும் இருக்கலாம். வெள்ளை டிஷ்யூவால் ஒற்றிப் பாருங்கள். நிறமும் வழுவழுப்பும் இருந்தால் கூலன்ட். வெறும் தண்ணீர் என்றால் வடிகுழாயில் கம்பி விட்டுக் குத்தி எடுத்தால் போதும்.

உறுதி செய்யப் பிரஷர் டெஸ்டரை ரேடியேட்டர் வாயில் மாட்டி, மூடியில் பொறித்த அளவுக்குப் பம்ப் செய்து 15 நிமிடம் காத்திருங்கள். முள் இறங்கினால், இரண்டு ஹோஸையும் கோரிலிருந்து கழற்றி ஒன்றோடொன்று இணைத்துவிட்டு மறுபடி பம்ப் செய்யுங்கள். இப்போது முள் அசையாமல் நின்றால் கோர்தான். தனித்தனியாக அடைப்பதைவிட இணைப்பதே நல்லது, சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்வரை கூலன்ட் சுற்றுவதே இந்த வழியில்தான். புதுக் கோர் வரும்வரை இப்படியே தாராளமாக ஓட்டலாம். மலைக்கு மட்டும் போகாதீர்கள்.

கார்பெட் காய்ந்திருந்தும் கூலன்ட் குறைந்துகொண்டே போய், காற்றை எடுத்த பிறகும் திரும்பத் திரும்ப ஏர் லாக் ஆனால், இன்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகப்படுங்கள்.

பித்தளைக் கோர் என்றால் ரேடியேட்டர் கடையில் பற்றவைத்துத் தருவார்கள். பிளாஸ்டிக் தொட்டி வைத்த அலுமினியக் கோரை மாற்றத்தான் வேண்டும். மாற்றும் முன் அது ஏன் ஓட்டையானது என்று பார்க்காவிட்டால் புதியதும் அதே வழியில் போகும். வின்ச், கூடுதல் லைட் மாட்டிய வண்டிகளில் எர்த் சரியில்லாவிட்டால் மின்சாரம் கூலன்ட் வழியாகப் பாய்ந்து அலுமினியத்தை அரிக்கும். மல்டிமீட்டரின் கறுப்பு முனையை பேட்டரி நெகட்டிவிலும், சிவப்பு முனையை ரேடியேட்டர் வாயில் உலோகத்தைத் தொடாமல் கூலன்டிலும் வையுங்கள். இன்ஜின் ஓட, லைட்டெல்லாம் எரிய, 0.1 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். லைட் போடும்போது மட்டும் ஏறினால் அந்த லைட்டின் எர்த்தைப் பிரித்துச் சுரண்டி மாட்டுங்கள். எப்போதும் அதிகமாகவே இருந்தால் கூலன்ட் கெட்டுவிட்டது.

நிரப்பும்போது கூலன்ட் பாதி, டிஸ்டில்டு வாட்டர் பாதி. சிறுவாணித் தண்ணியே ஆனாலும் வேண்டாம். வண்டியின் முன்பக்கத்தை மேட்டில் ஏற்றி நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மூடி திறந்தபடி ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். தெர்மோஸ்டாட் திறக்கும்வரை ஹோஸை அமுக்கி அமுக்கிக் குமிழி நின்ற பிறகு மூடுங்கள். மறுநாள் காலை மட்டம் பார்த்து, கிளிப்புகளை ஒரு சுற்று இறுக்குங்கள். வடித்த பழைய கூலன்ட் விஷம், தித்திப்பு வேறு. நாயோ மாடோ வாய் வைக்காதபடி கேனில் மூடி எடுத்துப் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.