ழாக் தத்தி: படச்சுருள் வழியே ஒரு வாழ்க்கை

பிரெஞ்சு நகைச்சுவை நடிகரும் இயக்குநருமான ழாக் தத்தி எடுத்த முழுநீளப் படங்கள் ஆறே ஆறு. மழைக்கோட்டும் பைப்புமாக விறைத்து நடக்கும் உலோ என்ற அவருடைய கதாபாத்திரத்தைப் பற்றி எல்லாரும் எழுதுகிறார்கள். எந்தப் படத்தை எந்தச் சுருளில் எடுத்தார் என்று பார்த்தால்தான் அவர் ஏன் கடனாளி ஆனார் என்பது புரியும்.

முதல் படம் ‘ழூர் த ஃபெத்’. 1947-இல் செந்த்-செவேர் கிராமத்தில் தாம்சன்கலர் என்ற புது முறையில் எடுத்தார். படச்சுருளின் பின்புறம் முழுக்க நுண்ணிய லென்ஸ் வரிகள். கேமராவில் மூவண்ண வடிகட்டி. வண்ணம் பதிந்துவிட்டது, ஆனால் திரையரங்குக்குப் பிரதி எடுக்க தாம்சன்கலர் நிறுவனத்தால் முடியவில்லை. நல்லவேளை, பக்கத்திலேயே ஒரு கறுப்பு-வெள்ளை கேமராவும் ஓடிக்கொண்டிருந்தது. 1949-இல் வெளியானது அதுதான். வண்ண வடிவம் 1995-இல் வந்தபோது தத்தி இறந்து பன்னிரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

1958-இல் வெளியான ‘மோன் ஓங்க்ல்’ அடுத்த ஆண்டு ஆஸ்கர் வாங்கியது. அந்தத் தைரியத்தில் ‘ப்ளே டைம்’ படத்துக்கு வழக்கத்தைவிட அகலமான 70 மி.மீ. சுருளைத் தேர்ந்தெடுத்து, பாரிஸின் விளிம்பில் கண்ணாடிக் கட்டடங்களோடு ஒரு நகரத்தையே செட் போட்டார். 1964-இல் தொடங்கிய வேலை, படம் வெளியாக 1967 டிசம்பர் ஆகிவிட்டது. நடுவில் புயல் வேறு செட்டைச் சாய்த்தது.

70 மி.மீ. வெறும் பகட்டு இல்லை. குளோசப்பே இல்லாத படம். ஒரே ஷாட்டில் நாலைந்து நகைச்சுவைகள் மூலைக்கொன்றாக நடக்கும். அத்தனை நுணுக்கமும் தெரிய அகலமான சுருள் வேண்டும். எங்கே பார்ப்பது என்று ஒலிதான் காட்டிக்கொடுக்கும். காத்திருப்பு அறையில் கறுப்பு நாற்காலிகள் விடும் பெருமூச்சைக் கவனியுங்கள். படப்பிடிப்பு முடிந்த பிறகுதான் இந்த ஒலிகளை ஒவ்வொன்றாகச் சேர்ப்பார். உணவக வாசலில் கண்ணாடிக் கதவு நொறுங்கிப்போன பிறகும், காவலாளி கைப்பிடியை மட்டும் பிடித்துக்கொண்டு இல்லாத கதவைத் திறந்துவிடுவார். செல்பேசியில் பார்த்தால் இதில் பாதி தப்பிவிடும். பெரிய திரையில், இரண்டு தடவை பார்க்க வேண்டிய படம்.

சிக்கலும் அங்கேதான். 70 மி.மீ. வசதியுள்ள அரங்குகள் குறைவு, தத்தியோ விட்டுக்கொடுக்கவில்லை. நீளத்தைக் குறைத்தும் வசூல் தேறவில்லை. முந்தைய படங்களின் உரிமைகூடக் கடன்காரர் கைக்குப் போனது.

1971-இல் ‘திராஃபிக்’ எடுத்தார். சுமாரான படம் என்பேன். கடைசிப் படமான ‘பராட்’ (1974) சுவீடன் தொலைக்காட்சிக்காக ஒரு சர்க்கஸ் அரங்கில் எடுத்தது, பெரும்பகுதி வீடியோ கேமராவில். 70 மி.மீ.க்கு அடம்பிடித்தவர், மங்கலான வீடியோவிலும் பார்வையாளர் வரிசையில் நடக்கும் சின்னச் சின்ன வேடிக்கைகளை விடாமல் பிடித்திருக்கிறார்.