கொளத்தூர்க் கடையில் ஒரு பேத்தை

நான் வளர்ந்தது ராமேஸ்வரம் பக்கத்துக் கடற்கரை ஊர் ஒன்றில். வலையில் பேத்தை என்கிற பஃபர் மீன் ஏறி வந்தால் அப்பா அதைத் தனியாக எடுத்து மணலில் வீசிவிடுவார். ஈரலிலும் சினையிலும் விஷம் உள்ள மீன், குழம்புக்கு ஆகாது. எங்களைப் போன்ற பையன்களுக்கு அது விளையாட்டுச் சாமான். வயிற்றைச் சொறிந்தால் காற்றை இழுத்துப் பந்துபோல ஊதும். ஊதியதை அலையில் விட்டால் வயிறு மேலாக மிதந்துகொண்டே போகும். அது மறுபடி கீழே இறங்கியதா என்று ஒருநாளும் நின்று பார்த்ததில்லை.

பல வருடம் கழித்து சென்னை கொளத்தூரில் ஒரு வண்ண மீன் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். முன்பக்கம் முழுக்கத் தங்கமீனும் கப்பியும். பின்னறையில்தான் உப்புநீர்த் தொட்டிகள். அங்கே ஒரு தொட்டியில் முள்ளுப் பேத்தை இருந்தது, உள்ளங்கை அளவு. அதற்கு விலைச்சீட்டும் ஒட்டியிருந்தார்கள். ஊரில் மணலில் கிடந்த மீன் இங்கே கண்ணாடியருகே வந்து என் முகத்தைப் பார்த்தது. பேத்தையின் கண்கள் இரண்டும் தனித்தனியாகச் சுழலும். முள்ளுப் பேத்தையின் கண்ணில் நீலமும் பச்சையுமாகப் பொடிப்பொடியாக மின்னும். இத்தனை வருடத்தில் அந்தக் கண்ணை அன்றுதான் சரியாகப் பார்த்தேன்.

நான் சேர்ந்த மூன்றாம் மாதம் ஒரு அப்பாவும் மகளும் வந்தார்கள். வீட்டில் மூன்றடித் தொட்டி புதிதாக வைத்திருக்கிறார்கள். "தண்ணி ரெடியா சார்?" என்று கேட்டேன். "முந்தாநாளே உப்பு கலந்தாச்சு தம்பி" என்றார். நான் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. பேத்தையைப் பையில் போட்டு ஆக்சிஜன் அடைத்துக் கொடுத்தேன். ஐந்தாம் நாள் போன் வந்தது. போய்ப் பார்த்தால் மீன் மூலையில் வயிறு தரையில் படிய, வாலைச் சுருட்டிக்கொண்டு, வேகவேகமாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அம்மோனியா சோதனை செய்தேன். மஞ்சளாக இருக்கவேண்டிய குழாய் கரும்பச்சையாக மாறியது. பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு வந்தேன். காலையில் அது இல்லை. அந்தப் பெண் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, அதுதான் இன்னும் மனதில் நிற்கிறது. உப்பு கலந்தால் கடல்நீர் ஆகிவிடாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் சொல்லாமல் விட்டேன்.

மீனின் கழிவும் மிச்சத் தீனியும் அம்மோனியாவாக மாறும். அதை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியாக்கள் வடிகட்டியிலும் கல்லிலும் குடியேறியிருக்க வேண்டும். அதற்கு நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். பேத்தை முழுக்க மாமிசம் தின்கிற மீன். அசிங்கமாகச் சாப்பிடும், கடித்ததில் பாதியைச் செவுள் வழியாகத் துப்பும். மற்ற மீன் சமாளிக்கிற தண்ணீரில்கூட இது திணறிப்போகும். அதனால் இப்போது பேத்தை கேட்டு வருகிறவர்களிடம் மீனைக் காட்டுவதற்கு முன்னால் ஒரு ஓட்டுடைய இறாலைக் காலித் தொட்டியில் போட்டு அழுகவிடச் சொல்கிறேன். அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஏறி, இரண்டும் பூஜ்யத்துக்கு இறங்கி, அங்கேயே நிற்க வேண்டும். அதன்பிறகுதான் மீன். மூன்றடித் தொட்டிக்கு முள்ளுப் பேத்தையே வேண்டாம் என்றும் சொல்லிவிடுகிறேன். உள்ளங்கை அளவில் வாங்குகிற மீன் ஓரடி வளரும். ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம், அதாவது கிட்டத்தட்ட 680 லிட்டர் இருந்தால்தான் அது தாராளமாகத் திரும்பும். இதைக் கேட்டுவிட்டுப் பாதிப் பேர் போய்விடுகிறார்கள். போகட்டும்.

வலையை நான் தொடுவதே இல்லை. பேத்தையை எப்போதும் தண்ணீரோடு சேர்த்து டப்பாவில்தான் அள்ளுவேன். தண்ணீருக்குள் ஊதினால் உள்ளே போவது தண்ணீர், அதைத் திருப்பித் துப்பிவிடும். வெளியே எடுத்து ஊதவைத்தால் காற்று உள்ளே மாட்டிக்கொள்ளும், அதை வெளியேற்ற அது திணறும். அப்படி மாட்டிக்கொண்ட மீனைத் தண்ணீருக்குள்ளேயே தலை மேலாக நிமிர்த்திப் பிடித்து, காற்று வாய்வழியாக ஏறி வரும்வரை பொறுமையாக நிற்க வேண்டும். முதல் தடவை ஒரு வாடிக்கையாளர் வீட்டில் அப்படிப் பிடித்து நின்றபோது என் கை நடுங்கியது. குமிழி ஒவ்வொன்றாக வந்தது. எங்கள் ஊர்க் கரையில் மிதந்து போன மீன்களுக்கு என்ன ஆகியிருக்கும் என்று அப்போது புரிந்தது.

புதிதாக வந்த பேத்தையை நேரே பெரிய தொட்டியில் விடுவதும் கிடையாது. இதற்கு மற்ற மீன்களைப்போலச் செதில் இல்லை, ஒட்டுண்ணியால் வருகிற வெள்ளைப்புள்ளி நோய் சுலபமாகப் பிடிக்கும். அதற்குப் போடுகிற செம்பு மருந்தின் அளவு கொஞ்சம் தவறினாலும் தாங்காது. நாங்கள் கடையில் இரண்டு பிளாஸ்டிக் தொட்டிகள் வைத்து, மூன்று நாளைக்கு ஒருமுறை மீனை மட்டும் புதுத் தண்ணீருக்கு மாற்றுவோம். மொத்தம் நான்கு தடவை. ஒட்டுண்ணி மீனை விட்டு இறங்கித் தரையில் கூடு கட்டிப் பெருகுவதற்குள் மீன் அங்கே இருக்காது. பழைய தொட்டியைக் கழுவி நன்றாகக் காயவைத்துவிட வேண்டும். மருந்தே இல்லாத வைத்தியம், வேலை மட்டும் அதிகம்.

தீனி விஷயத்தில்தான் நல்ல மனசுள்ளவர்கள்கூடத் தவறு செய்கிறார்கள். அண்ணா நகரில் ஒரு வீட்டில் பேத்தைக்கு இரண்டு வருடமாக உரித்த இறால் மட்டும் கொடுத்திருந்தார்கள். ஆசையாக, சுத்தம் செய்து, சின்னதாக நறுக்கி. நான் போனபோது மீன் தீனியைத் தேடி வந்தது, வாய்தான் திறக்க முடியவில்லை. மேலும் கீழுமாக அலகுபோல ஒட்டிய பல் முன்னால் வளர்ந்து நின்றது. பேத்தைப் பல் சாகும்வரை வளரும், கடினமான ஓட்டைக் கடித்தால்தான் தேயும். கால்நடை மருத்துவர் ஒருவர் கிராம்பு எண்ணெய் கலந்த தண்ணீரில் அதை மயங்க வைத்து, சின்ன வெட்டுக்குறட்டால் பல்லின் நுனியைக் கத்தரித்தார். நான் மீனைப் பிடித்துக்கொண்டு செவுள் அசைகிறதா என்று பார்த்தபடி இருந்தேன். முழுசாக இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, எனக்கு அது ஒரு மணி நேரம். அன்று சாயங்காலமே மட்டிச் சிப்பி தின்றது. அந்த வீட்டம்மா அழுதுவிட்டார். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உரித்துக் கொடுப்பதுதான் அன்பு என்று நாம் பழகியிருக்கிறோம். இப்போது ஓட்டோடு மட்டி, நண்டுக்கால், தலையோடு இறால், கணவாய் என்று மாற்றிமாற்றிப் போடச் சொல்கிறேன். ஒரே தீனி தொடர்ந்தால் வைட்டமின் பி1 குறைந்தும் வாய் இறுகிப்போகலாம். வளர்ந்த மீனுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். ஆள் வந்ததும் கண்ணாடியை முட்டிமுட்டிக் கெஞ்சும், அதற்கு மசியக்கூடாது.

சென்னைக்கென்று சில தொல்லைகள் உண்டு. மே மாதம் தொட்டித் தண்ணீர் தினம் ஒரு விரற்கடை குறையும். குறைந்த அளவுக்கு உப்புத் தண்ணீரையே ஊற்றிவிடுவார்கள். ஆவியாகப் போவது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயேதான் இருக்கிறது. வெறும் ஆர்.ஓ. தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். உப்பு எவ்வளவு என்று காட்டுகிற அடர்த்தி 1.020க்கும் 1.025க்கும் இடையில், வெப்பம் 24 முதல் 27 டிகிரிக்குள் நிற்க வேண்டும். தண்ணீரைக் குளிரவைக்கிற சில்லர் வாங்க முடியாதவர்கள் தண்ணீர் மேல் படும்படி மின்விசிறி வைக்கலாம், இரண்டு மூன்று டிகிரி இறங்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் மின்சாரம் போனபோது பேட்டரி ஏர் பம்ப் வைத்திருந்த வீடுகளில் நான் நிம்மதியாகப் பேச முடிந்தது. மற்ற வீடுகளில் டம்ளரால் தண்ணீரை அள்ளி ஊற்றிக்கொண்டே இருக்கச் சொன்னேன். ஒரு வீட்டில் தாத்தாவும் பேரனும் ராத்திரி முழுக்க முறைபோட்டு ஊற்றினார்கள்.

இந்த வாரம் பெரம்பூரில் ஒரு வீட்டுத் தொட்டிக்கு ஐந்தாவது வாரம். ஆறடித் தொட்டி, உள்ளே கல்லும் தண்ணீரும் மட்டும். அங்கிருக்கிற பையன் ஏழாம் வகுப்பு, சோதனைக் குழாயை அவனே குலுக்குகிறான். அம்மோனியா மஞ்சள். நைட்ரைட் நீலமாக வரவேண்டும், லேசாக ஊதா இன்னும் இருக்கிறது. "அண்ணா, இது நீலம்தானே?" என்றான். வெள்ளைத் தாளை வைத்துப் பார்த்துவிட்டு, "இன்னும் இல்ல தம்பி, அடுத்த ஞாயிறு பார்ப்போம்" என்றேன். முகம் வாடிவிட்டது. அவனுடைய பேத்தை கடையில் பிளாஸ்டிக் தொட்டியில் இருக்கிறது, பணம் கட்டியாயிற்று. நேற்று இடுக்கியில் மட்டி நீட்டினேன், ஓட்டை உடைத்துத் தின்றது. உடையும் சத்தம் வெளியே கேட்டது. அதை போனில் எடுத்து அவன் அம்மாவுக்கு அனுப்பியிருக்கிறேன்.